ரோசரியின் ஸ்லைடு

இசபெல்லா அக்காவைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பட்டம், பதவி என்று அடுக்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். லேபில் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து காலம் தள்ளியவள் நான். விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்று அந்த மனுஷியை ஆட்டிப்படைத்தது இவர்களுக்கு எங்கே தெரியும்!

அக்கா லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1970இல் ஈப்போவில் தங்கி, ஆஸ்பத்திரி லேப் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அதே வருஷம் தங்கை ரோசரி சோர்ந்து போனாள். அம்மா அந்தோணியம்மாவோடு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிற பதினாறு வயதுப் பெண். அவள் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் பூசி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் அக்காதான். ரத்தப் புற்றுநோய். இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்றார் டாக்டர். அதுவரைக்குமாவது அம்மா நிம்மதியாக இருக்கட்டும் என்று, "ரத்தம் கம்மி, கீரை குடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வாயை மூடிக்கொண்டார். டாக்டர் சொன்ன கெடுவிலேயே ரோசரியைத் தோட்டத்துக் கல்லறையில் புதைத்தார்கள்.

ஸ்லைடை மட்டும் அக்கா தூக்கிப் போடவில்லை. அம்மா கண்ணிலும் காட்டவில்லை. காட்டினால் மறைத்தது வெளியே வந்துவிடும், அம்மா ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார் என்று பயந்தார். கோலாலம்பூரில் மேற்கொண்டு படித்துத் திரும்பி, பயிற்சி மாணவர்களுக்கு ஆசிரியையானதும் அதையே பரீட்சைக்கு வைத்தார். அந்த நோய்க்கு அவ்வளவு தெளிவான ஸ்லைடு லேபில் வேறு கிடையாது. வருஷா வருஷம் யார் யாரோ குனிந்து பார்த்தார்கள். தங்கையைக் கொன்ற நோயின் பெயரைச் சரியாக எழுதியவர்களுக்கு அக்கா மார்க் போட்டார். பரீட்சை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அவரேதான் ஸ்லைடைத் துடைப்பார். தனியாகத்தான் இருப்பார், ஆனால் உள்ளே பேச்சுக்குரல் கேட்கும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். போகப் போகப் பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

1984இல் அக்கா லேபுக்கே தலைவியானார். அந்த வருஷந்தான், துண்டு துண்டாக விற்றுப்போன தோட்டத்தில் புல்டோசர் இறங்கியது. கல்லறைகள் இருந்த இடத்தில் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். கல்லறைத் திருநாளன்று அந்தோணியம்மா மெழுகுவர்த்தியோடு லேபுக்கே வந்துவிட்டார்.

"எம் புள்ளைக்கு நான் எங்கடி கொளுத்துறது?"

அக்கா என்னை ஓரமாக இழுத்தார். "காட்டுனா எப்ப எடுத்ததுன்னு கேப்பாங்க லா, சாலா." ஆனாலும் அலமாரியைத் திறந்து ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"ரோசரியோட ரத்தம்மா. இதுதான் மிச்சம்."

அந்தோணியம்மா ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஊதாவா, பூப்பூவா இருக்கே, அதுவா எம் புள்ள?"

அதுதான் நோய். அக்கா "ஆமாம்மா" என்றார்.

"எப்ப எடுத்த?"

"அவ சாகுறதுக்கு ரெண்டு மாசம் முந்தி."

"அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. நீங்க நிம்மதியா இருக்கணும்னுதான் சொல்லல."

கத்தப்போகிறார் என்று நான் கதவைச் சாத்தினேன். அந்தோணியம்மா மைக்ராஸ்கோப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"விடியக்காலப் பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்க எந்திரிக்காம படுத்துக் கெடப்பா. ரத்தம் கம்மிதானே, சோம்பேறித்தனம் பண்றான்னு தெனமும் அடிச்சு இழுத்துட்டுப் போனேன்டி. நீ சொல்லியிருந்தா அடிச்சிருக்க மாட்டேனே."