இரும்பு வேண்டாம் என்றேன்

எக்ஸ்ரே அறைக்கு வெளியே என் மகன் மணி ஸ்ட்ரெச்சரில் கிடந்தான். வயது இருபத்தாறு. பொன்முடியிலிருந்து இறங்கும் வளைவொன்றில் ஸ்கூட்டர் சரிந்திருந்தது. வலக்கால் சற்றே குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தது.

முறிந்தது தொடை எலும்பின் கழுத்து (இடுப்புக் குழிக்குள் சுழலும் எலும்புத் தலையைத் தாங்கும் ஒடுங்கிய பகுதி).

"இன்னைக்கே ஆபரேஷன் வேணும், கேட்டோ சாமி," என்றார் டாக்டரம்மா, மலையாளம் கலந்த தமிழில். "மூணு ஸ்க்ரூ, அத்ரேயுள்ளு, அவ்வளவுதான். தாமசிச்சா, நாள் கடந்தா, எலும்புத் தலைக்கு ரத்தம் போகாது."

வலியசாலையில் எங்கள் தெருப் பிள்ளையாருக்கு மூன்று தலைமுறையாகப் பூசை செய்தது எங்கள் வீடு. எனக்குப் பின் மணி. கருவறைக்குள் செல்லும் உடல் ஊனப்படலாகாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். உள்ளே இரும்பு தங்குவதும் ஊனமே என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது.

"இரும்பு வேண்டாம்," என்றேன்.

வலியிலும் அவன் சிரித்தான். "அப்பா, பிள்ளையாருக்குத் தலையையே மாத்தி வெச்சிருக்கா. எனக்கு மூணு ஸ்க்ரூதானே?"

"விளையாடாதேடா," என்று அதட்டினேன்.

அவன் டாக்டரைப் பார்த்து, "அப்பா சொல்றபடியே ஆகட்டும்," என்றான்.

பன்னிரண்டு வாரம் டிராக்‌ஷன் (எடை கட்டிக் காலை இழுத்து நிறுத்தும் சிகிச்சை). கட்டிலருகே அமர்ந்து பதிகங்கள் ஓதினேன். முதுகில் படுக்கைப்புண் வந்து ஆறியது, எலும்பு சேரவில்லை. அதன் தலை ரத்தமின்றி நலிந்துவிட்டது. இனி எது செய்தாலும் பழைய கால் வராது என்றார் அதே டாக்டர். என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை.

பிறகுதான் முறை அறிந்த சாஸ்திரிகளிடம் போனேன்.

"உள்ளே கிடக்கிற இரும்பை யார் ஓய் கேட்டா? குந்தி எழுந்து பூஜை பண்ண முடியறதாங்கறதுதான் கேள்வி. முன்னாலேயே வந்திருக்கப்படாதோ?"

மணியால் குந்த முடியாது. தம்பானூரில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து பார்க்கும் வேலை அவனுக்கு. பூசை வேறு வீட்டுக்குப் போயிற்று.

இதே இடத்தில் நிற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அறுவை இன்றி ஆறும் முறிவுகளும் உண்டு. எது என்பதை எக்ஸ்ரே பார்த்தவர் சொல்லட்டும். ஐயம் சாத்திரத்தில் என்றால் அதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

மாலையில் இருவரும் பிரகாரம் சுற்றுகிறோம். அவன் இடக்கால் நெடிலாகவும் வலக்கால் குறிலாகவும் விழுகின்றன. நாற்பது ஆண்டு ஒரே சீராகப் பாடிய பதிகங்கள் இப்போது அந்த நடைக்கேற்பவே என் வாயில் வருகின்றன. ஒரு சுற்றுக்கு முன்னைவிட இருமடங்கு நேரம். தலை மாறிய தெய்வத்தின் எதிரே வந்ததும் என் பாட்டு நின்றுவிடுகிறது.

அடுத்த அடியை மணிதான் எடுத்துக் கொடுக்கிறான்.