விரிப்பவர் ஒருவர், மடிப்பவர் ஒருவர்

புடவைக்கடையில் சாறி விற்பது வாய் அல்ல, கால். காலையில் செருப்புக்குள் சுகமாக நுழைந்த கால் மாலையில் அதற்குள் போக மறுக்கும். கடையோ ஆஸ்பத்திரியோ, நாள் முழுக்க நின்றே பிழைத்த என் கூட்டாளிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

கடைசி மகள் கம்பஸுக்குப் போன பிறகு, வீட்டில் என் சத்தத்தைக் கேட்க ஆளில்லை. கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், மேல்மாடியில் கல்யாணச் சாறிப் பகுதியை மேற்பார்வை செய்ய ஒரு பெண் வேண்டும், கொஞ்சம் அதட்டிக் கதைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். மனுஷன் ஒரு வினாடிகூட யோசிக்காமல் என் பெயரைக் கொடுத்துவிட்டார். இரண்டு பெருநாள் சீசன் அங்கே நின்றேன்.

மணப்பெண் றபீக்

மேல்மாடியில் ஒரு சட்டம் இருந்தது. ஆண்கள் சாறியை விரிப்பார்கள், பெண்கள் மடிப்பார்கள். விரிப்பவர் சேல்ஸ்மன்; அவருக்கு மேசை சொந்தம், சம்பளமும் கூட. மடிப்பவருக்குப் பெயரே கிடையாது, 'மடிக்கிற புள்ள', அவ்வளவுதான். சேல்ஸ்மன் றபீக்குக்குத் தாடியும் உண்டு, வண்டி வயிறும் உண்டு. சாறியை எடுத்துத் தன் தோளிலேயே போட்டு, கொசுவம் பிடித்து, கண்ணாடி முன்னால் ஒரு திரும்பு திரும்பிக் காட்டுவார். அவருக்குப் பின்னால் தர்ஷினி நின்று மடித்துக்கொண்டே இருப்பாள். காரைதீவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வருடக்கணக்காக மடித்துவிட்டாள். அவள் கேட்டதெல்லாம் விற்பதற்கு ஒரு மேசை.

"இந்தச் சாறியை அவளே போட்டுக் காட்டினால் என்ன?" என்று ஹாஜியாரிடம் கேட்டேன். பொம்பிளைப் பிள்ளைக்கு விலை பேச வாய் காணாது, போதாது என்றார். பெண்ணுக்கு வாய் காணாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதலாவது ஆள் அவர்தான். அன்று சாய்ந்தமருதிலிருந்து சாறி எடுக்க வந்த ஓர் அம்மா, றபீக்கை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு நல்லாத்தான் இரிக்கி மகன். ஆனா கலியாணம் உங்களுக்கில்ல, என்ட மருமகளுக்கு."

லுஹர் நேரத்து வாய்

லுஹருக்குப் பாங்கு சொன்னதும் ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போவார்கள். தொழுகை முடிய அதிக நேரம் ஆகாது. ஆனால் பள்ளிக்கும் கடைக்கும் இடையில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. முஸ்லிம் பெண்கள் நாங்கள் புடவைக் கட்டுகளுக்குப் பின்னால் முறை போட்டுத் தொழுதோம். அந்த நேரம் வருகிற சனத்தை யார் பார்ப்பது? தர்ஷினிதான். விரித்தாள், தோளில் போட்டுக் காட்டினாள், விலை பேசினாள், விற்றாள். ஹாஜியார் சொன்ன அந்தக் காணாத வாய், பகல் தொழுகை நேரத்தில் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும். படியில் ஆண்களின் காலடி கேட்டால், மேசையை விட்டு விலகி மறுபடியும் மடிக்கத் தொடங்கவேண்டும். யார் விற்றது என்று கீழே கேட்டால் றபீக் என்று சொல்லவும் வேண்டும்.

ஒருநாள் பாதி விலை பேசிக்கொண்டிருக்கும்போதே றபீக் வந்து நடுவில் புகுந்து சாறியைப் பிடித்தார். வாங்க வந்திருந்தவர் ஒரு டீச்சர். சாறியின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க போய் இன்னொரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க காக்கா, நாங்க ரெண்டு பேரும் இன்னும் கதைச்சி முடிக்கல்ல."

குடும்பம் பார்க்கிற ஆள்

நோன்பு கிட்ட வந்தபோது மேல்மாடியில் புதிதாக ஒரு மேசை போட்டார்கள். அது தனக்குத்தான் என்று தர்ஷினி நம்பினாள், நானும் நம்பினேன். மறுநாள் அந்த மேசைக்குப் பின்னால் றபீக்கின் மச்சான் நிந்தவூரிலிருந்து வந்து நின்றார். அதுவரை சைக்கிள் சாமான் விற்றவர். போதாததற்கு, தர்ஷினிதான் அவருக்கு வேலை பழக்க வேண்டும் என்று உத்தரவு வேறு.

எனக்குப் பொறுமை கிடையாது. கீழே இறங்கிப் போனேன். "ஹாஜியார், இது நியாயமா?"

"அவன் குடும்பம் பாக்கிற ஆள், தங்கச்சி."

"தர்ஷினிட அப்பா பாரிசவாதத்துல கிடக்கார். அந்த வீட்டுல அடுப்பு எரியிறது இவள்ற சம்பளத்துல. அது குடும்பமில்லையா?"

ஹாஜியார் கெட்ட மனுஷன் அல்ல. அதுதான் இதில் பெரிய கரைச்சல். கெட்டவரோடு சண்டை பிடிக்கலாம். இவர் தாடியைத் தடவிக்கொண்டு, உண்மையான இரக்கத்தோடு சொன்னார்: "அது வேற கதை. அவ நாளைக்குக் கலியாணம் முடிச்சிப் போற புள்ளதானே."

தோளில் கைப்பை

அடுத்த நாள் காலையில் தர்ஷினி கைப்பையை ஆணியில் மாட்டவில்லை. தோளிலேயே போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "அக்கா, நான் இண்டைக்கு மடிக்க மாட்டன். போகச் சொன்னா போறன்." இங்கிருந்து துரத்தினால் பக்கத்துக் கடையிலும் எடுக்கமாட்டார்கள். எங்கள் ஊர் முதலாளிமார் எல்லாரும் ஒருவருக்கொருவர் சம்பந்தி. மேற்பார்வைக்காரி நான், அதட்டியிருக்க வேண்டும். நான் படித்த கொன்வென்டில் சிஸ்டர்மார் கீழ்ப்படிவைப் பற்றி நிறையப் படிப்பித்தார்கள். அந்தப் பாடம் மட்டும் எனக்கு ஏறவேயில்லை. "போகாத, நில்லு" என்றேன். மடிக்கிற மற்ற இரண்டு பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

றபீக்கும் மச்சானும் வழக்கம்போல் ஒரு சாறி கேட்டவருக்கு இருபது விரித்தார்கள். பகலாகும்போது மேசை, கதிரை, தரை எல்லாம் சாறி. யாரோ கொண்டுவந்த குழந்தை ஒன்று பட்டின் மேல் படுத்து நித்திரையாகிவிட்டது. கால் வைக்க இடமில்லாமல் ஹாஜியார் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார். "மடிக்கச் சொல்லுங்க தங்கச்சி!"

"விக்கிறதுக்குத்தானே வாய் வேணும் ஹாஜியார்? மடிக்கிறதுக்குக் கை காணும். உங்கட ஆம்பிளையளுக்கு ரெண்டு ரெண்டு இரிக்கி."

அவருக்கும் ரோசம் வந்துவிட்டது. ஒரு முனையைத் தானே பிடித்தார், மறுமுனையை றபீக் பிடித்தார். இழுத்தார்கள், திருப்பினார்கள், ஒருவர் மடிப்புக்குள் ஒருவர் போய் வந்தார்கள். கடைசியில் கையில் மிஞ்சியது சுருட்டிய பாய். அந்த நேரம் படியேறி வந்த ஒரு பெண் வாசலிலேயே நின்று கேட்டார்: "அல்லாவே, இதென்ன ஹாஜியார், கடைக்குள்ள வெள்ளம் வந்ததா?"

புதுச் சட்டம்

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து ஹாஜியார் தீர்ப்புச் சொன்னார். மானம் போன மனுஷன் நேரம் கடத்தாமல் கெதியாகத் தீர்ப்புச் சொல்வார். யார் விரிக்கிறாரோ அவரே மடிக்கவேண்டும். மச்சான் கீழே, ஆண்கள் உடுக்கிற சாறன் பகுதிக்கு. புது மேசை தர்ஷினிக்கு, றபீக்குக்குக் கொடுக்கிற அதே சம்பளத்துக்கு. மற்ற இரண்டு பேரும் முறை வைத்து விற்கலாம். தர்ஷினி கைப்பையைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, "வாங்க, என்ன நிறத்துல பாக்கிறீங்க?" என்று முன்னால் நின்றவரைக் கேட்டாள்.

றபீக் தோளில் சாறி போடுவதை விட்டுவிட்டார். இப்போது யார் வந்தாலும், "நிறத்தச் சொல்லுங்க, விலையச் சொல்லுங்க, மறுகா எடுக்கிறன்" என்பார். ஒருநாள் பின்னேரம், தரையில் குந்தியிருந்து மடித்தபடி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் முறையிட்டார்: "ராத்தா, விக்கிறது ஒரு வேல, மடிக்கிறது இன்னொரு வேல. ரெண்டையும் ஒரு ஆள்ற தலையில கட்டுறது அநியாயம் இல்லையா?"

அநியாயம் என்ற சொல் ஓர் ஆணின் வாயில் தானாக வர வேண்டுமானால், ஆறு யார் நீளச் சாறி ஒன்றைத் தனியே மடிக்கக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் நின்றால் போதும்.