நெஞ்சு நிறைய

கோவையில் ஃப்ரீஸ்டைல் நீந்தி, மாநிலப் போட்டிகளில் நான் வாங்கிய மெடல்கள் ஒரு வேலையையும் வாங்கித் தரவில்லை. இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த வருடங்களில், முதலிபாளையம் பக்கம் ஒரு சலவைப் பட்டறையில் சேர்ந்தேன். பனியன் துணியை வெளுக்கும் இடம். உள்ளே நுழைந்ததும் நீச்சல் குளத்தின் அதே குளோரின் நெடி, பல மடங்காக முகத்தில் அறைந்தது.

பிளீச்சிங் பவுடரைத் தொட்டியில் கொட்டிக் கலக்கும் வேலைக்கு ஆள் நிற்காது. மூக்கில் துண்டு கட்டியவர்களும் இருமிக்கொண்டே வெளியே ஓடுவார்கள். என் மெடல் கதை சூப்பர்வைசருக்குத் தெரிந்த அன்றோடு அந்த வேலை என் தலையில் விழுந்தது.

"நம்ம நீச்சல்காரரக் கூப்புடுங்க. அவரு மூச்சடக்கிக்குவாருங்க" என்பார்.

ஃப்ரீஸ்டைல் மூச்சடக்கும் வித்தை இல்லை, மடையா. தலையைத் திருப்பும் ஒரு நொடியில் நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்ளும் வித்தை. தொட்டியருகே மற்றவர்கள் அரை மூச்சு வாங்கிய இடத்தில் என் பழகிய உடம்பு அந்த நெடியை முழுசாக இழுத்தது. சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள். குளத்தை விட்ட பிறகு என்னை நீச்சல்காரர் என்று கூப்பிட்ட ஒரே இடமும் அதுதான்.

சில வருடங்களில் மாடிப்படி ஏற முடியாமல் போனது. டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். அதிலிருந்த முள் லேசாக அசைந்து நின்றுவிட்டது.

"முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"நீச்சலுங்க. ஸ்டேட் லெவலுங்க."

அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளையாடாதீங்க. நல்லா மூச்ச இழுத்து ஊதுங்க."