மொட்டைச் சுரம்

ஓபரா பாடுகிறேன் என்றால் இந்த அமெரிக்க ஊரான ஃபிரிஸ்கோவில் நம்மவர்கள் முதலில் கேட்பது, "கண்ணாடி உடையிற மாதிரி கத்துவாங்களே, அதுவா?" ஆமாம், அதேதான். இத்தனை வருஷம் மேடையில் வேலைக்காரியாக, தோழியாக, கூட்டத்தில் ஒருத்தியாகக் கத்தியிருக்கிறேன். கதாநாயகி வேஷம் கடைசிவரை கைக்கு எட்டவில்லை. வெறுத்துப்போய்த்தான் முன்னறையில் பியானோவைப் போட்டுக் குரல் பயிற்சி கொடுக்க உட்கார்ந்தேன்.

வந்த பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் நிஜமாகவே குரல் இருந்தது. பத்தாவது படிக்கும் தமிழ்ப் பெண். மாநில அளவிலான கொயருக்கு, அதாவது சேர்ந்து பாடும் குழுவுக்கு, ஆள் எடுக்கும் தேர்வுக்கு அவளைத் தயார் செய்தேன். எனக்குக் கிடைக்காதது இவளுக்காவது கிடைக்கட்டும் என்று வெறியே பிடித்திருந்தது. பாட்டின் முடிவில் உயரத்தில் ஒரு சுரம். அதை நூல் பிடித்த மாதிரி நேராக நிறுத்த வேண்டும். அந்த ஒரு சுரத்துக்கு மாதக்கணக்கில் உயிரை விட்டோம்.

தேர்வுக்கு முந்தைய வகுப்பில் அந்த இடம் வந்ததும் சுரம் தொட்டில் மாதிரி ஆடியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னடி இது?"

"அம்மா செட் இட் சவுண்ட்ஸ் பால்ட், ஆன்ட்டி."

அம்மா காதுக்கு மொட்டையாக இருக்கிறதாம்! விறுவிறுவென்று வாசலுக்குப் போனேன். அவள் அம்மா காரில் காத்திருந்தார். சென்னையில் முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொல்லிக் குடுத்தது நல்லாத்தான் இருக்கு. கடைசியில மட்டும் மொட்டையா நிக்குது, பொட்டு வைக்காத நெத்தி மாதிரி. சுரத்தை அசைச்சு சின்னதா ஒரு கமகம் குடுத்தேன், அவ்வளவுதான்."

"ஐயோ, நடுவர்கள் காதுக்கு அது சுருதி தப்புங்க! மார்க்கக் குறைச்சிருவாங்க."

"காது இருக்கிறவங்க ரசிப்பாங்க."

செவிடன் காதில் சங்கு ஊதிய கதைதான். அன்று பூராவும் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறையில் பாத்திரங்கள்தான் பாவம்.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பாடுவது யார் என்று நடுவர்களுக்குத் தெரியாமல் இருக்கத் திரை கட்டியிருந்தார்கள். நானும் அவள் அம்மாவும் வெளியே கதவோரம் நின்றோம். உள்ளே அவள் பாடினாள். அந்தச் சுரம் ஏறியது, அசையாமல் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட அடுத்த நொடியே அது ஆட ஆரம்பித்தது. பக்கத்தில் அவள் அம்மா, "ஆஹா!" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாலையில் முடிவு வந்தது. அவள் தேறவில்லை.

"இவங்களுக்கெல்லாம் ஞானம் கிடையாதுங்க," என்று சொல்லிவிட்டு அவள் அம்மா காரை எடுக்கப் போனார்.

"ஏண்டி, நேராத்தானே நின்னுச்சு? அப்புறம் ஏன் ஆட்டின?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஃபர்ஸ்ட் ஹாஃப் உங்களுக்கு ஆன்ட்டி. செகண்ட் ஹாஃப் அம்மாவுக்கு."

அடிப்பாவி, அப்போ உனக்கு எதுடி என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் அம்மா ஹாரன் அடித்தார். அவள் ஓடிவிட்டாள்.