எங்கள் தெருவில் ஒரே வீடுதானாம்

வெள்ளானூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி கேட்டு ஆப்பில் பதிவது நான்தான். படித்த பெண் என்பதால் எல்லா வீட்டுக்கும் என் போனிலிருந்தே.

இன்று லாரி நிற்காமல் போகப் பார்த்தது. எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா குடத்தோடு ஓடி மறித்தார்.

"இன்னாப்பா, நாங்கல்லாம் மனுசங்களா தெரியலயா?"

"எனக்குத் தெரியுதுக்கா," என்றார் டிரைவர். "இப்ப லாரி அனுப்பறது ஏஐ. ஒரே போன்லேர்ந்து பதியறதால இங்க ஒரே ஊடுதான் கீதுன்னு எடுத்துக்கிச்சு. ஒரு ஊட்டுக்கு லாரி நிக்காதாம்."

"அந்த ஏஐயாண்ட யாரு பேசறது?"

"எங்க ஆபீசருக்கே தெரியலக்கா."

லாரி போய்விட்டது. எனக்குச் சத்தம் போட வராது. ஆப்பில் புகார் எழுதினேன். உடனே பதில் வந்தது: "உங்கள் தெருவிலிருந்து ஒருவர் மட்டுமே புகார் அளித்திருப்பதால் மாற்றம் தேவையில்லை. நன்றி."

குடங்கள் இன்னும் வரிசையில்தான் நிற்கின்றன.

உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று அந்த ஏஐ நினைத்துக்கொண்டிருக்கிறது? தண்ணீர் நின்றுபோவதற்குள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.