டொரிக்கா நீட்டிய கை

எங்கள் கண்டாவுத் தீவில் படகு ரேடியோக்களைப் பழுது பார்ப்பவள் டொரிக்கா ஒருத்திதான். "ரேடியோ செத்துப்போச்சு" என்று போய் நின்றால் வள்ளென்று விழுவாள்.

"செத்துச்சா பொழைச்சுதான்னு நான் பாத்துக்கறேன். ரிசீவ் இல்லையா, டிரான்ஸ்மிட் இல்லையா? அதச் சொல்லு."

காது போயிற்றா, வாய் போயிற்றா என்பதுதான் கேள்வி. அவளுடைய மாமன் மகன் சாக்கியூசா படகோட்டி. மாமன் மகன் என்றால் எங்கள் ஊரில் கேலிக்குக் கணக்கே கிடையாது.

"புருஷன்கிட்டயும் இப்படித்தான் கேப்பியா டொரிக்கா?"

"அவருக்கு ரெண்டும் போச்சு. உன் படகு சத்தத்துல உக்காந்து உக்காந்து."

அந்த வெள்ளிக்கிழமை அடித்த காற்றில், பவளப்பாறைக்கு நடுவே வழி காட்டும் கம்பம் முறிந்து போனது. பட்டணத்துப் பள்ளியிலிருந்து டொரிக்காவின் மகள் உனைசியை ஏற்றிக்கொண்டு சாக்கியூசா வந்துகொண்டிருந்தான். கம்பத்தைத் தேடிப் பாறைக்குப் பக்கத்தில் வந்தால் படகின் அடி கிழிந்துவிடும். வடக்கு வழியாக வரச் சொல்ல வேண்டும். அங்கே கைபேசியும் எடுக்காது.

துறையில் இருந்த ரேடியோவை டொரிக்கா போட்டாள். குறட்டைச் சத்தம் வந்தது. யாரோ மைக் பொத்தானின் மேல் படுத்துத் தூங்குகிறார்கள். அந்தப் பொத்தான் அமுங்கியிருக்கும்வரை சேனலில் வேறு யார் பேச்சும் ஏறாது.

குறட்டை யாருடையது என்று துறையில் கூடியிருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊர்க்கூட்டம் தவறாமல் கேட்பதுதானே! ஆனால் தூங்கும் ஊர்த் தலைவரை எழுப்ப யாருக்கும் துணிவில்லை. அவர் வீட்டு ரேடியோ இருப்பதோ அவர் தலைமாட்டு அலமாரியில். எங்களில் சாதாரண ஆளின் தலைக்கு மேல் கை நீட்டவே அனுமதி கேட்க வேண்டும்.

"யாரு செட்டுன்னு தெரியலையே," என்றான் எங்களில் ஒருவனான பொனிபாத்தே, நல்ல பிள்ளையாக.

டொரிக்கா தன் கைச்செட்டை, அந்தச் சின்ன ரேடியோவை எடுத்து, பக்கத்துச் சிக்னல் மட்டுப்பட ஆன்டெனாவைக் கழற்றி, செட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்லச் சுற்றினாள். உடம்பு குறுக்கே வந்தால் சிக்னல் குறையும். முதுகு தலைவர் வீட்டுப் பக்கம் திரும்பியதும் குறட்டை கரகரத்து மங்கியது.

"இப்பத் தெரிஞ்சுதா?"

நாங்கள் மணலைப் பார்த்தோம். அவள் தலைவர் வீட்டுக்கு விடுவிடுவென்று நடந்தாள். மைக் தலைவரின் விலாவுக்கடியில் நசுங்கிக் கிடந்தது. தூங்குகிறவர் தலைக்கு மேல் கையை நீட்டி செட்டை அணைத்துவிட்டு, துறைக்கு ஓடி வந்தாள்.

"சாக்கியூசா! கம்பம் போச்சு. வடக்கால வா. கேக்குதா?"

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"கேக்குது, கேக்குது. வடக்கால வரேன். ஆமா, இவ்வளவு நேரம் யாரு தூங்கினது?"

டொரிக்கா அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்க, தப்புச் செய்தவர் முன்வைக்கும் வழக்கப்படி, இடித்துக் கரைத்துக் குடிக்கும் காவா வேரின் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள். நாங்களும் பின்னால் போய்ப் பாயில் உட்கார்ந்தோம். அவள் குனிந்தபடியே போய் வேரை வைத்தாள்.

"ஐயா, உங்க தலைக்கு மேல கை நீட்டிட்டேன். பொறுத்துக்கணும்."

தலைவர் வேரைத் தொடவில்லை.

"நான் தூங்கினது துறை வரைக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்கய்யா."

"இவங்கல்லாம் அங்கதான் நின்னாங்களா?"

தலைவர் வேர்க்கட்டை டொரிக்கா பக்கமே தள்ளினார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இத அவ வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும். உங்க வேர் எங்கடா?"