வெறுங்குழல்

எங்கள் வீட்டில் பசியெடுத்தால் பசிக்கிறது என்று சொல்ல மாட்டோம். "வயிறு வெறுங்குழலா இருக்குது" என்போம். கம்பு தீர்ந்துபோன பானையும் வெறுங்குழல்தான், பரீட்சையில் தேறாமல் வந்த பங்காளி மகனும் வெறுங்குழல்தான். கல்யாணமாகிப் போன ஊரில் இந்தச் சொல்லைச் சொன்னபோது ஒருவருக்கும் புரியவில்லை. அது என் அப்பாவின் துப்பாக்கியிலிருந்து வந்த சொல்.

எருமப்பட்டியைத் தாண்டி, கொல்லிமலையைப் பார்த்தபடி இருந்தது எங்கள் தோட்டம். கடலைக்கொடி காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கி, ஏர் ஓட்டியதுபோல் நிலத்தைக் கிளறிவிட்டுப் போகும். அதற்காக வெள்ளைக்கார சர்க்கார் அப்பாவுக்கு ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தது. வெடிமருந்தையும் ஈய ரவையையும் குழல் வாய்வழியாகப் போட்டுக் கெட்டிக்கிற ஒற்றைக்குழல் அது. துப்பாக்கியைவிட அதோடு வந்த கட்டளைகள்தாம் கனமானவை. அப்பாவைத் தவிர யாரும் எடுக்கக் கூடாது. எங்கள் காட்டு வரப்பைத் தாண்டக் கூடாது. சந்தை, கோயில், கல்யாணம் எதற்கும் கொண்டுபோகக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை துணி சுற்றி ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். அங்கே ஒரு கான்ஸ்டபிள் குழலுக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்து, "கெட்டிச்சு வெச்சிருக்கறயா?" என்று அதட்டுவார். ஊரே மரியாதை கொடுக்கிற என் அப்பா, "வெறுங்குழலுங்க சாமி" என்று கைகட்டி நிற்பார்.

அந்த அதட்டலுக்குப் பயந்தோ, இயல்பே அப்படியோ, கெட்டித்த துப்பாக்கியோடு அப்பா ஒருநாளும் வாசல்படி ஏறியதில்லை. பன்றி வராவிட்டாலும் விடிந்ததும் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு போட்டுக் காலி செய்துவிடுவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் அம்மா கூழ் கரைக்கத் தொடங்குவார். பிறகு அப்பா வாசலில் நின்று குழல் வாயில் உதட்டை வைத்து ஊதுவார். விசையை இழுத்தால் வந்து அடிக்கும் இரும்புக்குக் குதிரை என்று பெயர். அதற்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அந்தத் துளையில் நான் விரலை வைக்க வேண்டும். காற்று விரலில் பட்டால் உள்ளே ஒன்றும் இல்லை. "வெறுங்குழல்" என்று நான் சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் வருவார். வீட்டுக்குள் இருக்கிற துப்பாக்கி வெறுந்துப்பாக்கிதான் என்று அப்படித்தான் எங்கள் புத்தியில் ஏறியிருந்தது.

என் அக்காவைச் சேலத்துப் பக்கம் ஒரு சப்-இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்திருந்தோம். யுத்தம் வருவதற்கு முந்தைய ஒரு ஆயுத பூஜைக்கு, ஏழு மாத வயிற்றோடு அக்காவும் மச்சானும் வந்திருந்தார்கள். மச்சான் வேட்டிதான் கட்டியிருந்தார். அதன்மேல் தோல் பெல்ட்டு, பெல்ட்டில் ரிவால்வர்.

"லீவுல வந்திருக்கையிலயும் அது வேணுங்களா மாப்பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

"போலீஸ்காரனுக்கு லீவு உண்டுங்க மாமா, துப்பாக்கிக்கு லீவு கிடையாது" என்று மச்சான் சிரித்தார்.

"நான் வரப்பைத் தாண்டினாக் குத்தம், நீங்க சீமை பூராவும் கொண்டுபோலாமாக்கும்" என்று அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பெருமைதான் இருந்தது. எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் முன்கூடத்தில் பலகை போட்டு, கொழு, மண்வெட்டி, அரிவாள், தராசு எல்லாவற்றையும் கழுவி வைத்திருந்தேன். அப்பாவின் துப்பாக்கியைத் துடைத்துப் பொட்டு வைத்தாயிற்று. "உங்க ஆயுதத்தையும் வையுங்க மாப்பிள்ளை, அதுக்கும் பூசை வேணுமல்லொ" என்று அம்மா சொன்னார். கிணற்றுக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருந்த மச்சான் ரிவால்வரை உருவி என் கையில் கொடுத்தார். "பத்திரம் அம்மிணி" என்றார். கீழே போட்டுவிடாதே என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த முறைப்படியே செய்தேன். குழல் வாயில் உதட்டை வைத்து ஊதினேன். இதை எழுதும்போதும் என் உதடு மரத்துப்போகிறது. குழலும் தோட்டா வைக்கிற உருளையும் சேருகிற இடத்தில் விரலை வைத்திருந்தேன். காற்று வந்து விரலில் பட்டது. ரிவால்வரில் அந்த இடத்தில் மயிரிழை இடைவெளி எப்போதும் இருக்கும், உள்ளே ஆறு தோட்டா இருந்தாலும் ஊதினால் காற்று வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"வெறுங்குழல்" என்று உரக்கச் சொன்னேன்.

எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த அப்பா தலையை ஆட்டினார். நாட்டுத் துப்பாக்கிக்குச் செய்வதுபோலவே குதிரையைப் பின்னால் இழுத்து அடியில் துடைத்தேன். கட்டைவிரலில் சந்தனம் ஈரமாக இருந்தது. மெதுவாக இறக்கலாம் என்று விசையைத் தொட்டேன். விரல் வழுக்கியது.

கூடத்துக்குள் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. காது அடைத்துப்போய், அம்மா வாயைத் திறந்து அலறுவது மட்டும் தெரிந்தது, சத்தம் வரவில்லை. அப்பாவின் வலது முழங்காலுக்கு மேலே வேட்டி சிவந்துகொண்டே போனது. அவர் மடியில் மாவிலைகள் அப்படியே கிடந்தன. நான்தான் சுட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. இந்தத் துப்பாக்கி வெறுங்குழலாயிற்றே, நான் ஊதிப் பார்த்தேனே என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

மச்சான் ஈரத்துணியோடு ஓடிவந்தார். தன் துண்டைக் கிழித்து அவர்தான் காயத்தைக் கட்டினார். பண்ணையாள் மாட்டைப் பூட்டி வண்டியைக் கொண்டுவரத் தொழுவத்துக்கு ஓடினார். தோட்டத்து வீடு, கூப்பிடு தூரத்தில் வேறு யாரும் இல்லை. அப்போதுதான் மச்சான் அப்பாவின் முகத்தருகே குனிந்தார்.

"மாமா, உங்க துப்பாக்கி வெடிச்சதுன்னு சொல்லிருங்க. சர்க்கார் துப்பாக்கியைப் பொம்பளை கையில குடுத்தேன்னு தெரிஞ்சா என் வேலை போயிருமுங்க. அம்மிணி மேலயும் கேஸு வரும்."

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் வயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கெட்டிச்ச துப்பாக்கியை ஊட்டுக்குள்ள கொண்டாந்தேன்னு நான் சொல்லோணுமுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு அவரே, "சரி, சொல்லிப்போடறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மச்சான் அப்பாவின் துப்பாக்கியை எடுத்தார். நான் வைத்த பொட்டு அதில் இன்னும் காயவில்லை. வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், மருந்து கெட்டித்து, ஒரு வேட்டு போட்டார். குழலில் கரி பிடித்திருந்தால்தான் நம்புவார்கள். அப்பாவின் ரத்தம் தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. தினமும் விடியலில் கேட்டுப் பழகிய சத்தம்தான். காலைத் துளைத்துச் சுவரில் பதிந்திருந்த குண்டை மச்சானே நோண்டி எடுத்தார். ஓட்டையை அம்மா மண் குழைத்துப் பூசினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் காயத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். "நாட்டுத் துப்பாக்கி ரவைன்னா உடம்பு சல்லடையாப் போயிருக்குமே?" என்றார். "ஒத்தைக் குண்டுதான் போட்டிருந்தேனுங்க" என்றார் அப்பா. டாக்டர் அதையே எழுதிக்கொண்டார்.

வாக்குமூலம் வாங்க ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர், பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "குடியானவன் கையில துப்பாக்கியக் குடுத்தா இதுதான் நடக்கும். கெட்டிச்ச துப்பாக்கியை எவனாச்சும் ஊட்டுக்குள்ள வெப்பானா? இதெல்லாம் எங்களாட்டம் பழகினவங்ககிட்டத்தான் இருக்கோணும்."

பக்கத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் ரிவால்வரோடு. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அப்பா போர்வைக்குள்ளிருந்து என் கையைப் பிடித்து அழுத்தினார். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

லைசென்ஸ் ரத்தானது, துப்பாக்கியைக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வருஷக் கடலையில் பாதியைப் பன்றிகள் தின்றன. அப்பா கோலை ஊன்றிக்கொண்டு தகரத்தைத் தட்டிப் பார்த்தார், அவை தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். கெட்டித்த துப்பாக்கியை வீட்டில் வைத்துத் தன்னையே சுட்டுக்கொண்ட ஆள் என்று சந்தையில் அவர் காதுபடச் சிரித்தார்களே, அதை என்னால் தாங்க முடியவில்லை. போலீஸ்காரருக்குத் துப்பாக்கியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. திருடனைப் பிடிக்கப் போகிறவர் வெறுங்கையோடு போக முடியாதுதான். ஆனால் வருஷம் தவறாமல் அப்பாவைக் கேட்ட கேள்வியை மச்சானை ஒருவரும் ஒருநாளும் கேட்கவில்லையே, அது என்ன நியாயம்?

அடுத்த ஆயுத பூஜைக்கு அக்கா கைக்குழந்தையோடு வந்தாள். பின்னாலேயே மச்சானும் வாசலில் ஏறினார். பெல்ட்டில் அதே ரிவால்வர். செம்பில் தண்ணீர் கொண்டுவந்த அம்மா நின்று, "வெறுங்குழலுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"போலீஸ்காரன் துப்பாக்கி என்னைக்குங்க அத்தை வெறும் துப்பாக்கியா இருந்திருக்குது?" என்று மச்சான் பழக்கத்தில் சிரித்தார். சொன்ன பிறகுதான் அவர் முகம் சுருங்கியது.

அப்பா கோலைப் பிடித்து எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க உள்ள வாங்க மாப்பிள்ளை. அது வெளியில இருக்கட்டும்."

"சர்க்கார் துப்பாக்கிங்க மாமா. நான் உள்ள, அது வெளியிலன்னு உட முடியாதுங்க. சட்டம்."

"அப்பச் செரி" என்றார் அப்பா.

கோலை ஊன்றிப் படியிறங்கினார். வேப்பமரத்தடியில், துருத்திக்கொண்டிருந்த வேரில் காலை நீட்டி உட்கார்ந்தார். ரிவால்வர் ஆசாரத்துக்குள் போனது. வடையும் பாயசமும் அங்கே பரிமாறினார்கள். நான் ஒரு இலையை அறுத்துக்கொண்டு வெளியே வந்து அப்பாவுக்குச் சோறு போட்டேன்.

"நீயும் உக்காரு சாமி" என்றார். "வயிறு வெறுங்குழலா இருக்குமல்லொ."